பெயர்ச்சீட்டு இல்லாத இரண்டு போத்தல்கள்

மின்சாரம் போன இரவில்
ஆய்வுகூடத்துக் குளிர்ப்பெட்டி
தன் பனியைக் கைவிட்டுவிட்டது.
காலையில் திறந்தேன்.
தட்டெல்லாம் தண்ணீர். மை கரைந்த சீட்டுகள்
மீன்செதில்போலத் தரையில் ஒட்டிக் கிடந்தன.

அநேகமானவற்றை மூடியின் நிறத்தால் கண்டுபிடித்தேன்.
இரண்டு மட்டும் மிஞ்சின.

ஒன்று, தென்துருவத்துக் குடாவொன்றில்
கையுறைக்குள் விரல்கள் செத்துப்போன மாலையில்
நான் அள்ளியது.
மற்றது, சீனக்குடாவில்
பழைய எண்ணெய்த் தாங்கிகளுக்குக் கீழே,
தோணியைப் பிடித்திருந்த சபூர்தீன்
"இந்தச் சேத்துக்கா சேர் சம்பளம் தாறாங்கள்?"
என்று சிரித்துக்கொண்டிருந்தபோது அள்ளியது.

இரண்டும் கறுப்பு.
இரண்டிலும் கூழ்முட்டை வாடை.
இடையில் ஒரு முழுச் சமுத்திரம்.

அங்கே நிலையத்தின் பின்புறம் ஒரு குழி.
முன்னிருந்தவர்கள் கொட்டிவிட்டுப் போனது:
பற்றறிகள், வர்ணத் தகரங்கள், டீசல் பீப்பாய்,
ஒரு ஹார்மோனியத்தின் பித்தளை நாக்குகள்கூட.
கோடையில் உருகும் நீர் அதற்குள்ளால் நடந்து
கடலுக்குப் போகும்.
வெறுங்கையோடு அல்ல.

இங்கே கப்பல்கள்.
கொடிகள் மாறி மாறி நின்ற துறைமுகம்.
ஒரு கொடியும் தண்ணீருக்கு ஞாபகமில்லை.
கப்பலின் அடிவயிற்றில் பூசிய
செம்பு வர்ணத்தை மட்டும்
அது மறக்கவில்லை.

இரசாயனம் படித்த நாளிலிருந்து
இந்தப் பெயர்களோடு எனக்கொரு வழக்கு.
நாகம்.
சீறாது, படம் எடுக்காது.
தகரக் கூரையின் பூச்சாய்
தலைக்கு மேலே படுத்திருந்து
மழைக்கு மழை இறங்கும்.
ஈயம்.
பேரிலேயே ஈகை.
வேண்டாம் என்று கையை மூடினாலும்
எலும்புக்குள் வைத்துவிட்டுத்தான் போகும்.

இயந்திரத்தில் வைத்தேன்.
இரண்டு போத்தலுக்கும்
அண்ணன் தம்பிபோல எண்கள் வந்தன.
எது எந்தக் கடல் என்று
எண்களுக்குத் தெரியவில்லை.

பிறகு சல்லடையில் கழுவினேன்.
முதலாவதில் மணல், கொஞ்சம் கல்,
ஏதோ ஒரு புழுவின் கண்ணாடிக் குழல்.
இரண்டாவதில்
அரை மட்டி ஓடு.
ஓரத்தில் கத்தி நெம்பிய தழும்பு.

யாரோ திறந்திருக்கிறார்கள்.
யாரோ தின்றிருக்கிறார்கள்.

கிண்ணியாவிலிருந்து விடியப் பஸ் ஏறி
வற்றுக்கு வந்து சேர்கிற பெண்களில்
சித்தி ஜெசீமாவும் ஒருவர்.
முழங்கால்வரை சேற்றில் நின்று
காலால் மட்டி தேடுவார்;
பெருவிரலுக்குத்தான் முதலில் தெரியுமாம்.
அன்றைக்கு என் போத்தல்களை எண்ணிப் பார்த்துவிட்டுக் கேட்டார்:
"தம்பி, அவிச்சாப் போகுமா?"

"கிருமி போகும்" என்றேன்.

அவர் மிச்சத்துக்காகக் காத்திருந்தார்.
நான் துடுப்பைப் பார்த்தேன்.
சபூர்தீன் வேறெங்கோ பார்த்தான்.

அந்தப் பனிநிலத்தில்
பிறந்தவர் ஒருவருமில்லை,
அந்தச் சேற்றை உண்பவர் ஒருவருமில்லை.
ஆனாலும் ஒரு கோடையில் குழியைத் தோண்டி,
மண்ணைப் பீப்பாய்களில் அடைத்து முத்திரையிட்டு,
கப்பலில் ஏற்றித் தங்கள் நாட்டுக்கே கொண்டுபோனார்கள்.
நாற்பது பக்கப் படிவம்.
ஒரு பென்குயின் வந்து நின்று
எல்லாவற்றையும் மேற்பார்வை பார்த்தது.

இங்கே எந்தப் படிவத்தில் தொடங்குவது?
யாருடைய கப்பலில் ஏற்றுவது,
எந்தக் கொடிக்குத் திருப்பி அனுப்புவது?

புதிய சீட்டு எழுதினேன்.
முதலாவதில் அகலாங்கு, நெட்டாங்கு, திகதி.
இரண்டாவதில் இடம் எழுதினேன்,
ஆழம் எழுதினேன்,
"குறிப்பு" என்ற கட்டத்தில் பேனா நின்றது.

யன்னலுக்கு வெளியே குடா பின்வாங்கத் தொடங்கியிருந்தது.
இன்னும் ஒரு மணித்தியாலத்தில்
சேறு வெளியே வரும்.
கூடைகளும் வரும்.

மட்டி ஓட்டைச் சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டு
கதவைப் பூட்டினேன்.
மிச்சத்தை எந்தச் சொல்லில் தொடங்குவது என்று
இன்னும் தெரியாது.