ஃபிரிட்ஜ் கொண்டுவந்தவர்

டுலூத் நகரில் இரவு பதினொன்றரை.
ஏரியில் பனிக்கட்டி முனகுவது
இந்த அறைக்குள் கேட்காது.
விசிறிகள் ஓடும், நாடா சுழலும்,
நடுவில் நான், மார்லிஸ் ஹாகன்.
சிரிப்பை நேரம் தவறாமல் அனுப்பிவைப்பது
என் உத்தியோகம்.

இன்றும் ‘மூன்றாம் மாடி’.
எழுபத்துநாலில் எடுக்க ஆரம்பித்தது.
முதல் ஓட்டத்தில் கைக்காசு போனதாம்.
நூறைத் தொடட்டும் என்று பல்லைக் கடித்துக்கொண்டு எடுத்தார்களாம்.
நூறு கண்டால்தான்
இந்தத் தொழிலில் மறுபிறவி.

கண்டது நூற்றுப் பன்னிரண்டு.
வாரத்துக்கு ஐந்து என்று அவிழ்த்தால்
இருபத்திரண்டு வாரமும் இரண்டு நாளும்.
அப்புறம் பாம்பு தன் வாலைக் கவ்வும்:
முதல் அத்தியாயத்தில் அந்தப் பெண்
மறுபடி குடிவருவாள்,
மறுபடி சாவியைத் தொலைப்பாள்.

ஒவ்வொரு ஊரும் தனித்தனியாகப் பேரம் பேசி வாங்கியது.
பியோரியாவில் மாலை ஐந்துக்கே
அவளுக்குக் கல்யாணம் முடிந்துவிட்டது.
ஃபார்கோவில் இன்னும் மாப்பிள்ளை பார்க்கிறார்கள்.
இங்கே அவள்
வீட்டுக்காரனிடம் வாடகைக்குத் தவணை கேட்டுக்கொண்டிருக்கிறாள்.

அன்றைக்கு ஒரு அத்தியாயம் இருபத்தைந்தரை நிமிஷம்.
இன்றைக்கு இருபத்திரண்டரை.
மிச்சத்தை
மெத்தைக்கடையும் விபத்து வக்கீலும்
பங்கு போட்டுக்கொண்டார்கள்.

வெட்டு தெரியக்கூடாது என்பது விதி.
அறுபத்தோராவதில் தெரியும்.
காலிச் சமையலறை.
இமைத்துத் திறந்தால்
சுவரோரம் ஃபிரிட்ஜ் நிற்கும்.
தூக்கி வந்தவரும் இல்லை, பேச்சும் இல்லை.
முந்நூறு பேர் விழுந்து விழுந்து சிரிப்பார்கள்.

போன புதன்கிழமை
அது முடிந்த கையோடு டெலிபோன் அடித்தது.
‘அந்த ஃபிரிட்ஜ் நான் கொண்டுவந்தது’ என்றது குரல்.
பாலத்துக்கு அந்தப் பக்கம், சுப்பீரியர்.
டெல்பர்ட் க்விஸ்ட்.
பனி அள்ளும் இயந்திரம் விற்கிறார்.
இருபத்தேழு வயதில் ஒரே ஒரு முறை
ஹாலிவுட்டில் பாரம் சுமந்திருக்கிறார்.
‘ஒரே வரி, மேடம்.
எங்கே இறக்கட்டும்னு கேக்கணும்.
அவள் நிற்கிறது என் கால் மேலே.’

‘கத்தரி என் கையில் இல்லையே’ என்றேன்.
லாஸ் ஏஞ்சலீஸிலேயே வெட்டித்தான் வருகிறது.

அவர் கோபித்துக்கொள்ளவில்லை.
அந்த வரிக்கு இன்னும் காசோலை வருகிறதாம்.
கடைசியாகப் பதினொரு சென்ட்.
உறையின் மேல் தபால்தலை இருபத்தொன்பது.
வங்கிக்கு வெட்கப்பட்டு
மேசை இழுப்பறையில் போட்டுவைத்தால்
கணக்குப்பிள்ளை கடிதம் எழுதுகிறாராம்:
தயவுசெய்து மாற்றிக்கொள்ளுங்கள்,
எங்கள் பேரேடு மூட மாட்டேன் என்கிறது.

ஆக, வரி போய்விட்டது,
கூலி மட்டும் வந்துகொண்டிருக்கிறது.
சிரிப்புக்குக் கூலி உண்டா என்று
நாங்கள் இருவரும் கொஞ்ச நேரம் யோசித்தோம்.
பிறகு அவர் பனியைப் பற்றிப் பேசினார்,
விற்பனையைப் பற்றிப் பேசினார்,
வைத்துவிட்டார்.

புதனோடு இரண்டு நாளைக் கூட்டினால் வெள்ளி.
இருபத்திரண்டு வாரம் கழித்து
ஒரு வெள்ளிக்கிழமை, ஏரி உருகிய பிறகு,
அறுபத்தொன்று திரும்பி வந்தது.
அறையில் யாரும் இல்லை.
கதவைச் சாத்திக்கொண்டேன்.
காலிச் சமையலறை.
தொண்டையைச் செருமிக்கொண்டு
‘எங்கே இறக்கட்டும், அம்மா?’ என்றேன்.

அரை வினாடி முந்திவிட்டேன்.
சிரிப்பு தாமதமாக வந்தது,
வேறு யாருக்கோ சிரிப்பது போல.
உடனே மெத்தைக்கடை.

பரவாயில்லை.
அடுத்து செவ்வாய்க்கிழமை வரும்.