விழுந்தவன் எழுந்து ஓடுகிறான்

பேக்கரியிலிருந்து இரண்டு மணிக்குத் திரும்புகிறேன்.
என் தலையில் மாவு.
ஜுராந்தீரின் காலில் மாவுக்கட்டு,
தொடைவரை, இடது கால், நாற்காலியின் மேல்.
ஒசாஸ்கோவின் மேட்டுத் தெருவில், மூன்றாம் மாடியில்,
மணிக்கு இருநூற்றெழுபது கிலோமீட்டர் வேகத்தில்
உட்கார்ந்திருக்கிறான்.

அந்தக் கறுப்புப் பெட்டியை அவன் தம்பி வாக்னர் கொண்டுவந்தான்,
வெங்காயம் வாங்கும் பையில் போட்டு.
கேசட்டின் மேல் ஒட்டியிருந்த படம் பாதிதான் மிச்சம்:
ஒரு ஹெல்மெட், அரைச் சக்கரம்.
"ஊதாதே, எச்சில் பட்டால் துருப்பிடிக்கும்" என்கிறான்.
பிறகு அவனே ஊதுகிறான்.

பழைய டிவியில் சிவப்பு நிறம் கோட்டைத் தாண்டி வழிகிறது.
ஒரே பனைமரம்
சாலையின் இருபுறமும் திரும்பத் திரும்பப் பெரிதாகி வந்து
தலைக்குப் பின்னால் போகிறது.
மலை மட்டும் கிட்டே வருவதே இல்லை.
இன்ஜின் சத்தம், தகர டப்பாவில் மாட்டிய கொசு.
கீழ்வீட்டு சுல்மீரா துடைப்பக் கட்டையால்
கூரையைத் தட்டுகிறாள், அதாவது எங்கள் தரையை.

கட்டுக்கு வெளியே தெரியும் ஐந்து விரல்கள்
ஒவ்வொரு வளைவிலும் கியர் மாற்றப் பார்க்கின்றன.
அவனுக்கு அது தெரியாது.
நான் சொல்லவில்லை.

அன்று ஆற்றோரச் சாலையில் மழை.
இரண்டு பீட்சா, ஒரு குவரானா பாட்டில்.
ஆஸ்பத்திரி வராந்தாவில் அவன் கைபேசி என் மடியில் இருந்தது.
ஏன் தாமதம் என்று ஆப் கேட்டது.
மூன்று முறை கேட்டது.
நான்காம் முறை ஒரு நட்சத்திரம் கொடுத்துவிட்டுப் போனது.

"நீ ஓட்டு" என்று நீட்டுகிறான்.
பதினொரு வருடமாக அவன் முதுகுக்குப் பின்னால்
உட்கார்ந்தே வந்தவள் நான்.
முதல் வளைவிலேயே பனைமரம்.
வண்டி ஒரு பக்கம், ஆள் ஒரு பக்கம்.
பறக்கிறான், உருளுகிறான், குப்புறக் கிடக்கிறான்.
பிறகு எழுந்து
தூசிகூடத் தட்டாமல்
கைகளைத் தூக்கிக்கொண்டு வண்டியை நோக்கி ஓடுகிறான்,
பஸ்ஸைத் தவறவிட்ட குமாஸ்தா மாதிரி.

எனக்குச் சிரிப்புத் தாங்கவில்லை.
அவன் சிரிக்கவில்லை.
"இன்னொரு தடவை விழு."

விழுந்தேன்.
விளம்பரப் பலகையில், முன்னால் போன வண்டியில்,
ஒன்றுமே இல்லாத நேர்ச்சாலையில், வேண்டுமென்றே.
மற்ற பதின்மூன்று பேரும் என்னைத் தாண்டிப் போனார்கள்.
ஒவ்வொரு முறையும் அவன் உதடு அசைந்தது:
ஒன்று, இரண்டு.
இரண்டுக்குள் எழுந்துவிடுகிறான்.

"எனக்கு நாற்பது நிமிடம்" என்றான் ஜுராந்தீர்,
திரையைவிட்டுக் கண்ணை எடுக்காமல்.
"ஹெல்மெட்டுக்குள் இண்டிகேட்டர் சத்தம் கேட்டுக்கொண்டே இருந்தது.
எதிர் லேனில் ஒரு ஷூ கிடந்தது.
பாவம், யாருக்கோ அடிபட்டிருக்கிறது என்று நினைத்தேன்.
அந்த ஷூவை யாராவது எடுத்துக் கொடுக்கக் கூடாதா என்று
கோபம்கூட வந்தது."

ஐந்து வாரத்தில்
இதை அவன் என்னிடம் சொன்னதில்லை.
என் கட்டைவிரல் பொத்தானில் இருந்தது.
எடுக்கவும் தோன்றவில்லை, அழுத்தவும் தோன்றவில்லை.
திரையில் என் ஆள் புல்தரையில் நின்றுகொண்டிருந்தான்,
வண்டி உறுமிக்கொண்டிருந்தது.

பதினான்கில் பதினான்காவதாக வந்தேன்.
ஒரு பெண் கொடியை ஆட்டினாள், இரண்டே இரண்டு அசைவுகளில்.
மெக்கானிக் அடெல்மோ சொன்ன தொகையை அப்போதுதான் சொன்னேன்:
ஹேண்டில்பார், முன் ஃபோர்க், கூலி தனி.
"ம்" என்றான்.
வியாழக்கிழமை கட்டுப் பிரிக்கிறார்கள்.
அதைப் பற்றியும் "ம்" தான்.

அதிகாலை மூன்றுக்கு எழவேண்டும், படுக்கப் போகிறேன்.
சுவருக்கு அப்பால் கொசு மறுபடி கிளம்புகிறது.
கண்ணை மூடிக்கொண்டு கேட்கிறேன்:
சத்தம் தணிகிறது, வளைவு வருகிறது.
மெத்தையில் என் உடம்பு
தானாகச் சாய்கிறது,
அவன் பின்னால் உட்கார்ந்து எவ்வளவு சாய்வேனோ
அவ்வளவு.