எட்டும் பதினொன்றும்

பதினொன்று என்கிறார் ஓஸ்மோ.
எட்டு என்கிறேன் நான்.
ஒரே மாக்கல் பொடி, ஒரே மூட்டை,
நடுவில் இருநூறு கிலோமீட்டர் பனி.

சரக்கு பருமன், காகிதத்தில் கீறல் விழுகிறது என்று
அவர் ஆலையிலிருந்து தணிந்த குரலில்தான் சொன்னார்.
அடுத்த லோடு இங்கே வாசலில் நிற்கிறது.
அணைத்தால் டீசல் கட்டிவிடும் குளிர்;
இன்ஜின் உறுமிக்கொண்டே இருக்கிறது.

தலைமுடி ஒன்றை நெடுக்கில் எழுபதாகக் கிழி,
அதில் ஒரு கீற்று, அதுதான் மைக்ரான்
என்று ஒருமுறை என் கணவனிடம் சொன்னேன்.
வழுக்கையைத் தடவிக்கொண்டான்.

பாதிப் பொடி இந்த எண்ணுக்குக் கீழே,
பாதி மேலே.
எட்டு என்றால் அவ்வளவுதான்.
சரியாய் எட்டு மைக்ரானில் ஒரு துகள்கூட
மூட்டையில் இல்லாமல் போகலாம்.

மறுபடி அளந்தேன்.
ஒரு சிட்டிகை, தண்ணீர், ஒரு சொட்டு சோப்பு.
சிவப்பு ஒளி கலங்கலுக்குள் நுழைந்து சிதறியது.
பெரியது சற்றே திருப்பும்,
சிறியது அகல விசிறும்.
கோணங்களைக் கூட்டிக் கழிக்கும் கருவி
எல்லாவற்றையும் உருண்டை என்றே எடுத்துக்கொள்ளும்.
மாக்கல் தட்டை, மீன்செதில் மாதிரி.
அந்தப் பொய்யில் எங்கள் இருவருக்கும் சம்மதம்.
சண்டை அதைப்பற்றி இல்லை.

எட்டு.
திரும்பவும் எட்டு.
எட்டு புள்ளி ஒன்று.
ஐந்தாவது அழைப்பிலும் ஓஸ்மோ இம்மி பிசகவில்லை:
"பதினொன்று, ஆய்லா."

கேட்க வேறெதுவும் மிஞ்சாததால் கேட்டேன்:
அளக்குமுன் அல்ட்ராசவுண்டில் வைக்கிறீர்களா?

அங்கே ஒரு நாற்காலி நகர்ந்தது.

"அது பழுதாகி மூன்று வாரம்.
கரண்டியால் கலக்குகிறேன்."

சிரித்துவிட்டேன். அவரும் சிரித்தார்.
நான் அறுபது நொடி அதிரவிட்டு
ஒட்டியதையெல்லாம் உதறிப் பிரித்தபின் அளக்கிறேன்.
அவர் அளப்பது கட்டிப்பிடித்துக் கிடப்பவற்றை.
மூன்றைச் சேர்த்து ஒன்றென்று எண்ணுகிறது
அவருடைய கருவி.

வென்றேன் என்று போனை வைத்தேன்.

காபி ஊற்றும்போதுதான் உறைத்தது.
அவருடைய ஆலைக் குழாயில்
யாரும் அறுபது நொடி அதிரவிடுவதில்லை.
காகிதத்தில் போய் விழுவது
கட்டிப்பிடித்தவைதான்.
கீறுவதும் அவைதான்.

சான்றிதழில் ஒரே கட்டம்,
ஓர் எண்ணுக்கு மட்டும் இடம்.
எட்டு என்று எழுதினேன்.
'பிரித்தபின்' என்று பக்கத்தில் நுழைத்தேன்.
அதற்கும் கீழே பதினொன்று, 'பிரிக்காமல்'.
இடம் போதாமல் எழுத்துகள்
ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டன.

ஓட்டுநர் கதவைத் திறந்து
பூட்ஸிலிருந்து பனியைத் தட்டினார்.
"போகலாமா?"

இன்னும் கொஞ்சம், என்றேன்.
ஓஸ்மோவை நான் அழைக்க வேண்டும்.
இந்த முறை நான்.