இருபத்தேழாம் நாள்

எழுபது.
ஒன்று குறைந்தால் கதவு திறக்காது.
ஒன்று கூடினாலும்
அதற்கு மேல் அகலமாகத் திறக்காது.

ஃப்ரேசர்பரோ துறைமுகத்தில்
ஸ்ட்ராக்கன் படகுப் பட்டறையின் மாடியறையில்
சம்பளக் கணக்கு எழுதுகிறவள் நான்.
ரொடேலியோவைக் கூட்டிப் பார்த்ததும் நான்தான்:
அழைக்க ஒரு முதலாளி, இருபது.
அழைத்த வேலைக்கு ஒரு தரம், இருபது.
சம்பளம் இருபது.
ஆங்கிலம் பத்து.

அந்தப் பத்துக்காக இலோயிலோ நகரில்
ஹெட்போன் மாட்டிக்கொண்டு தேர்வெழுதியவன்
இங்கே வந்த முதல் நாள்
ஃபோர்மன் சாண்டி நோபிள் வாயைத் திறந்ததும்
"இது என்ன மொழி?" என்று
என் காதருகே வந்து கேட்டான்.
ஆங்கிலம்தான் என்றேன்.
சாண்டிக்குத் தேர்வு வைத்தால் பத்தில் இரண்டு தேறாது.
அறுபத்தோரு வருஷமாக அவரை
யாரும் கேட்டதில்லை.

வடகடல் காற்றில் கையுறையைக் கழற்றிவிட்டு
இரும்பை விரலால் தடவியே
விரிசல் எங்கே தொடங்குகிறது என்று சொல்வான்.
'மோர்வென்' படகின் அடிவயிற்றில்
அவன் வைத்த வெல்டிங்
மீன் செதில் அடுக்கியதுபோல் இருக்கும்.
தேடிப் பார்த்தேன்,
படிவத்தில் அதற்குக் கட்டம் இல்லை.

மார்ச் மாதம் அவன் அப்பா விழுந்தார்.
விழுந்தவர் எழவில்லை, போகவும் இல்லை.

சம்பள விடுப்பு தீர்ந்தது.
சம்பளமில்லாத விடுப்பு
வருஷத்துக்கு நான்கு வாரம்.
தாண்டினால் உள்துறைக்கு நான் எழுத வேண்டும்:
இன்னார் எங்களிடம் இல்லை என்று.
எழுபதும் அன்றே பூஜ்யம்.

தினமும் காலை எல்ஸ்பெத் ஸ்ட்ராக்கன்
படியேறி வந்து கேட்பாள்,
"இன்றைக்கு எத்தனை?"
பதினெட்டு என்பேன். பத்தொன்பது என்பேன்.
அவனிடமிருந்து வரும் செய்தி
எப்போதும் ஒரே வரி:
அப்பா மூச்சு விடுகிறார்.

இருபத்திரண்டாம் நாள்
நாட்காட்டியைப் பார்த்துக்கொண்டே
சீக்கிரம் ஆகட்டும் என்று நினைத்தேன்.
யாரும் சொல்லவில்லை. நான்தான் நினைத்தேன்.
முகமே பார்த்திராத ஒரு கிழவருக்கு
நாள் குறித்துக் கொடுத்துவிட்டு
தேநீர் போடப் போனேன்.

அன்றிரவு பஸ்ஸில் தூக்கம் வரவில்லை.
என் மொழியில் புள்ளி என்பது வேறு காரியம்.
மெய்யின் தலையில் அதை வைத்தால்
உயிர் இதில் இல்லை என்று பொருள்.
க், ட், ப்,
தனியாகச் சொல்லிப் பாருங்கள்,
வாய்க்குள்ளேயே முட்டி நிற்கும்.
எழுபது புள்ளி வைத்து
நாங்கள் வரவழைத்தது ஒரு மெய்.
உயிர் அங்கே
ஆஸ்பத்திரி வராந்தாவில்
பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறது.

இருபத்தாறு.
சாண்டி மேலே வந்து
தன் லீவில் பத்து நாளை அவனுக்குப் போடச் சொன்னார்.
அப்படிப் போட முடியாது என்றேன்.
தொப்பியைக் கழற்றினார், மறுபடி மாட்டினார், இறங்கிப் போனார்.

இருபத்தேழு.
எல்ஸ்பெத் எத்தனை என்று கேட்கவில்லை.
"நாளையிலிருந்து முழுச் சம்பளம் போடு.
வேன் அடுத்த வருஷம் வாங்கலாம்."
விதியை மூன்று தடவை வாசித்தேன்.
சம்பளம் போனால் கணக்கு நிற்கும்.
போட்டேன்.
கை நடுங்கியது, பிழையில்லாமல் போட்டேன்.

ஜன்னலுக்குக் கீழே
மோர்வெனின் பாதி வெல்டிங்கின் மேல்
உப்புக்காற்று படாமல்
சாண்டி தார்ப்பாய் கட்டிக்கொண்டிருந்தார்.
இந்த ஊரில் வேறு வெல்டரே இல்லையா என்று
படகுக்காரர் சத்தம் போட்டார்.
முடிச்சை இறுக்கிக்கொண்டே
சாண்டி ஏதோ சொன்னார்.
எனக்கு ஒரு சொல்லும் புரியவில்லை.
படகுக்காரருக்குப் புரிந்தது.
அவரும் கயிற்றின் மறுமுனையைப் பிடித்துக்கொண்டார்.