முட்டை ஏலம்

பனச்சமூட்டில் அறுப்பின் பண்டிகை.
மரச்சீனி, பலாக்காய், ஒரு சேவல் எல்லாம் போய்
கடைசியில் ஏசுவடியாள் வைத்த முட்டை.
பத்து ரூபாயில் தொடங்கியது.
ரப்பர் கடை டென்னிசன் விடவில்லை, நானும் விடவில்லை.
நாலாயிரத்து நூறு. ஒரு தரம், ரெண்டு தரம், மூணு தரம்.
கைதட்டல்.
சுற்றுச்சுவருக்கு நல்ல வரவு.

சபைக்குப் பொருளாளர் நான்தான்.
போன மாதம் அவள் மனுவின் ஓரத்தில்
"வீடு ரோட்டுக்கு அந்தப் பக்கம், கேரளம்;
அங்குள்ள சபையில் கேட்கவும்"
என்று எழுதியதும் இதே பேனா.

சாயங்காலம் முட்டையைக் கைக்குட்டையில் பொதிந்து
ரோட்டைக் கடந்தேன்,
சொல்வதற்கு ஒரு வசனமும் கையில்.
தார்ப்பாய்க் கூரை. பாயில் காய்ச்சலோடு பிள்ளை.
"வந்ததே பெரிசு, இரியும்" என்றாள்.
வசனம் வாய்க்கு வருமுன்னே
அடுப்பில் தேங்காயெண்ணெய் சடசடத்தது.

பாதி எனக்கு, பாதி பிள்ளைக்கு.
அவள் கட்டன்சாயாவை ஊதி ஊதிக் குடித்தாள்.

உப்பு கொஞ்சம் கூடுதல்.
தின்றேன்.

ராத்திரி, கணக்குப் புத்தகம்.
தர்ம சகாயம் என்ற பக்கத்தில்
கொடுத்தவர்: ஏசுவடியாள்.
பெற்றவர் என்ற இடத்தில்
என் பெயர்.

தணிக்கைக்கு வருகிறவர் கேட்பார்.