கூறு

கம்மாய்க்கரை முனியாண்டி கோயில்.
ஆலமரத்தடியில் அறுபத்து மூன்று தேக்கிலை,
ஆறு கிடாய்.
மேலூர் ரேஷன் கடையில் எடை போடுகிறவன் என்பதால்
தராசும் நோட்டும் என்னிடம்.

தலைக்கட்டுக்கு ஒரு கூறு. கூறுக்கு ஒன்றேகால் கிலோ.
ஈரலில் ஒரு துண்டு, குடலில் ஒரு பிடி.
எலும்பு முன்னே பின்னே இருக்கும்,
யாரும் வாய் திறந்ததில்லை.

இந்த வருஷம் சோணைமுத்து திறந்தார்.
"எங்க வீட்ல பதினோரு உருப்படி.
ஒச்சப்பன் வீட்ல ரெண்டே பேரு.
அந்த எலையும் இந்த எலையும் ஒண்ணாய்யா?
வாய்க்குத்தான கறி, வாசலுக்கா?"

அவருடைய நாலாவது பையன்
இலைகளை விரல்விட்டு எண்ணிக்கொண்டிருந்தான்.

ஒச்சப்பன் பேசுகிற ஆள் இல்லை.
செவனம்மாள்தான் முந்தானையை இடுப்பில் செருகினாள்.
"வரி கேட்டு வந்தப்ப வாசலத்தான எண்ணுனீக?
ரெண்டாயிரத்துல ஒத்த ரூவா கொறச்சீகளா?
ஒண்ணு போதும்னு செவுத்துல எழுதிப் போட்டாக,
சரின்னு ஒண்ணோட நிறுத்துனேன்.
சொன்னதக் கேட்டவளுக்குச் சின்னக் கூறா?"

காலையில் டீக்கடை டிவியில் இதே சண்டை.
டெல்லியில் எந்த மாநிலத்துக்கு எத்தனை நாற்காலி,
தலையை எண்ணுவதா, வாசலை எண்ணுவதா என்று
கோட்டுப் போட்ட நாலு பேர் ஒரே நேரத்தில் கத்தினார்கள்.
அப்போது நான் செவனம்மாள் கட்சி.
இப்போது தராசைப் பிடித்தபடி
அந்தப் பையனின் விரலைப் பார்க்கிறேன்.
தலைக்கு இவ்வளவு என்று
வாரம் ஆறு நாள் அரிசி போடுகிற கைதானே இது.

"சரி, கறிய மட்டும் வாய்க்கணக்குல போட்டுருவோம்" என்றார் பூசாரி.

"இன்னைக்குக் கறி.
நாளைக்கு மடை தொறக்குறதையும் வாய்க்கணக்குல வப்பீக.
சோணைமுத்து பங்காளிக அஞ்சு வீடு கையத் தூக்குனா
கடைமடைக்குத் தண்ணி எப்ப வரும்?"

அது ஒச்சப்பன்.
அவர் குரலை அன்றுதான் பலர் கேட்டார்கள்.
பரீட்சைத் தாளில் 'காரணம் கூறு' என்று வருமே,
கூறுக்கு அப்படியும் ஒரு பொருள் உண்டென்பது
அப்போதுதான் எனக்கு நினைவு வந்தது.

அரைவை மில் பீகார்ப் பையன் ராம்சூரத்
ஓரமாய்க் கிடாய்த் தோலை மடித்துக்கொண்டிருந்தான்.
அவன் தலை அவன் ஊர்க் கணக்கில்.
பசி இங்கே.
வரியும் இல்லை, இலையும் இல்லை.

யாரும் யாரையும் ஜெயிக்கவில்லை.
வெயில் ஏறியது, ஈ மொய்த்தது,
பழைய கணக்கிலேயே ஆளுக்கொரு இலையாய்த் தூக்கிப் போனார்கள்.

சாயங்காலம்
குழம்பு மணக்கும் தூக்குவாளியோடு
செவனம்மாள் சோணைமுத்து வாசலில் நின்றாள்.
"இது நாங் குடுக்குறது.
நீங்களா எடுத்துக்கிட்டது இல்ல."
அவர் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.
வாளியை வாங்கியது நாலாவது பையன்.

இன்றைக்கு எட்டாம் நாள்.
வாளி இன்னும் அந்த வீட்டில்தான் இருக்கிறது.
வெறும் வாளியாகத் திருப்பக் கூடாது என்பது
ஊர் வழக்கம்.
எதைப் போட்டுத் திருப்புவார் என்று தெரியவில்லை.