எட்டுகிற மரம்

மீன் கிடங்கின் பழைய ரசீது ஒன்றின்
பின்பக்கத்தில் எழுதத் தொடங்கினோம்.
முதல் வரி: விடுப்பு, பதினான்கு நாள்.
யெஸ்லெம் அதை அடித்து ஒன்பது என்று போட்டான்.
"மீதி ஐந்தை உன் மேலாளரிடம் நீயே கேள்."

நுவாதிபுவில் ஜூலையிலும் போர்வை வேண்டும்.
கடற்காற்று கதவைத் தட்டிவிட்டு வருவதில்லை.
உள்ளே, அத்ராரில், அதே ஜூலை
பேரீச்சங்குலைகளை
உலை வைத்துப் பழுக்கவைக்கும்.
நகரமே தோப்புகளுக்குக் குடிபோகிற மாதம்.
பழம் தின்ன வேண்டும், சரீக் குடிக்க வேண்டும்,
புளித்த பாலில் நீரும் சர்க்கரையும் கலந்தது,
பிறகு தூங்க வேண்டும்.
கெத்னா என்றால் இவ்வளவுதானாம்.
"இவ்வளவுக்கா இத்தனை எழுதுகிறீர்கள்?"
என்றாள் சல்கா. அவளுக்கு ஆறு வயது.

எப்படிப் போவது என்பதில் ஒரு மாலை போயிற்று.
தாதுவை இறக்கிவிட்டு வெறுமையாய்த் திரும்புகிற ரயில்
சூம் வரைக்கும் பன்னிரண்டு மணி நேரம்.
திறந்த பெட்டியில் ஏறினால் காசில்லை,
வானம் முழுக்க நமக்கு என்றான் யெஸ்லெம்.
வானம் சரி,
உன் தாடியில் படிகிற இரும்பைக் கழுவ
தண்ணீர் எத்தனை குடம், அதையும் எழுது என்றேன்.
பயணிகள் பெட்டி என்று எழுதினான்,
கோணல் எழுத்தில்.

தேயிலை. சர்க்கரைக் கூம்பு நான்கு.
காய்ந்த ஒட்டக இறைச்சி அங்கேயே கிடைக்கும்.
நாம் கொண்டுபோக வேண்டியது கருவாடு:
மூக்கைப் பொத்திக்கொண்டு வாங்குவார்கள்,
மறுநாள் இன்னும் இருக்கிறதா என்பார்கள்.
ஷிங்கெத்தியில் ஒரு நாள், பழைய ஏடுகளைப் பார்க்க.
வாதானில் ஒரு நாள்.
மெல்ஹஃபா மூன்று, வெளிர்நிறம் வேண்டாம்.

எனக்கு அங்கே இரண்டு மரங்கள் இருக்கின்றன.
அப்பா விட்டுப்போனவை. நான் கண்டதில்லை.
ஆண்டுக்கு ஒருமுறை கத்ரி போனில் சொல்வான்:
இம்முறை ஏழு குலை. இம்முறை ஒன்பது.
என் பங்கு மாவுச் சாக்கில் லாரியேறி வரும்,
எடைக்கு மணலும் சேர்ந்து.
ஏக்கம் ஒன்றும் இல்லை.
முகம் தெரியாத மரத்துக்கு எப்படி ஏங்குவது?
கணக்கு மட்டும் உண்டு.

செவ்வாய்க்கிழமை அழைத்தான்.
"வாருங்கள், வாருங்கள். ஆனால் மெக்ஃபூலா,
ஒரு மரம்தான் நிற்கிறது.
இன்னொன்று கழுத்துவரை மணலுக்குள்.
வடக்கிலிருந்து குன்று நகர்ந்தது.
மெதுவாகத்தான் வந்தது.
வந்துவிட்டது."
காய்க்கிறதா என்றேன்.
"காய்க்கிறதே! ஏறவே வேண்டாம்,
உட்கார்ந்தபடி பறிக்கலாம்."
அவன் சிரித்தான். நான் சிரிப்பதா என்று
முடிவு செய்வதற்குள் இணைப்பு அறுந்தது.

அன்றிரவு வாதானை அடித்தேன்.
ஷிங்கெத்தியை அடித்தபோது
யெஸ்லெம் பேனாவைப் பிடித்துக்கொண்டான்.
"ஒன்பது நாளில் ஒரு குன்றை அள்ளிவிடுவாயா?"
குன்றை யார் அள்ளச் சொன்னது,
மரத்தைச் சுற்றி ஓர் ஆள் அளவுக்கு.
"அள்ள அள்ளச் சரியும்."
சரியட்டும்.
கொஞ்ச நேரம் தேநீரை
கோப்பைக்குக் கோப்பை மாற்றி ஊற்றிக்கொண்டிருந்தான்,
நுரை தேவைக்கு மேலேயே எழும்பிவிட்டது.
பிறகு அவனே எழுதினான்:
மண்வெட்டி, இரண்டு.

சல்கா எழுத்துக்கூட்டிப் படித்தாள்.
எதற்கு என்றாள். சொன்னோம்.
"வேண்டாம்," என்றாள்.
"அது எனக்கு எட்டுகிற மரம்.
தோண்டினால் உயரமாகிவிடுமே."

யெஸ்லெம் என்னைப் பார்த்தான்.
நான் ரசீதைப் பார்த்தேன்.
மண்வெட்டிக்கு எதிரே
ஒரு கேள்விக்குறி போட மட்டும் இடம் இருந்தது.
மூன்றாம் கோப்பை ஆறிப்போய்க் கிடந்தது.

ரயிலுக்கு இன்னும் பதினொரு நாள்.
விளக்கை அணைத்த பிறகு ஞாபகம் வந்தது,
இத்தனை எழுதியும்
தீப்பெட்டியை மறந்துவிட்டோம்.